கூப்பிட்டால் திரும்பும் வள்ளம்

வள்ளம் மறுபடியும் திரும்பிவிட்டது.

சுருவில் கடற்கரையில், கணுக்கால் தண்ணீரில், வலக்கையைக் கடலை நோக்கி நீட்டியபடி நான் நிற்கிறேன். தலையில் எண்ணெய் இல்லை, காலில் செருப்பு இல்லை, உடம்பில் சாயம் போன ஒரு நூல் சீலை. எல்லாம் இயக்குநரின் கட்டளை. "அத்தான்! ஒரு கணம் நில்லுங்கள்!" என்று என் வசனத்தின் முதல் வரியைத்தான் சொல்லியிருப்பேன். அடுத்த வரிக்கு மூச்சு எடுப்பதற்குள், ஆழத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த வள்ளம் மூக்கைத் திருப்பிக்கொண்டு கரைக்கு வருகிறது.

"கட்!" என்று சூசை அண்ணை கத்தினார். கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

வள்ளத்தை ஓட்டி வந்த செபமாலை அவசரமே இல்லாமல் கரையில் குதித்தார். முகத்தில் பூசியிருந்த பவுடர் வியர்வையில் கோடு கோடாக வழிந்திருந்தது. படத்தில் அவருடைய முதுகுதான் தெரியும் என்று எத்தனை முறை சொல்லியும் அந்த மனுஷன் காலையிலேயே சவரம் செய்து, பவுடர் பூசி, மகளின் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். இறங்கியதும் எங்கள் ஆட்களைப் பார்த்து, குடிக்கத் தண்ணீர் கொண்டுவரும்படி சொன்னார்.

கரையில் குடையும் பிள்ளைகளுமாக நின்ற சனம் முழுக்கத் தலையை ஆட்டியது. 'சரிதானே' என்ற ஆட்டல். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் குடைகளை எல்லாம் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பேன்.

போன கிழமை வானொலிக் காலத்தைப் பற்றி எழுதி முடித்தேன். உடனே ஒரு வாசகி, "படத்திலும் நடித்தீர்களே, அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே" என்று கேட்டுவிட்டார். அம்மா தாயே, சொல்லாமல் விடுவேனா? வாய் உள்ள பிள்ளைதான் பிழைக்கும் என்று வளர்ந்தவள் நான். ஆனால் அந்தக் கதையைச் சொல்வதென்றால் முதலில் சூசை அண்ணையைச் சொல்ல வேண்டும்.

ஐந்து திரையும் ஒரு தகரமும்

சூசை அண்ணை நாரந்தனை ஆள். ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு வாக்கில் தீவுப்பகுதியில் நாடகம் என்றால் அவர்தான். இராசா நாடகம். ஐந்து திரை, மூன்று சிம்மாசனம், வெல்வெட் அங்கி. இடி இடிக்க வேண்டுமென்றால் மேடைக்குப் பின்னால் ஒருவர் தகரத் தகட்டைப் பிடித்து உலுக்குவார். சூசை அண்ணையின் நாடகத்தில் இடி இடிக்காத காட்சியே கிடையாது. காதல் காட்சியிலும் இடிக்கும்.

அவருக்கு அப்போது ஒரே ஒரு சட்டம்தான். கடைசி வரிசையில் இருக்கிற காது மந்தமான கிழவிக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். ஒலிபெருக்கி எல்லா இடத்திலும் கிடைக்காத காலம். தொண்டை உள்ளவன்தான் நடிகன்.

அந்தச் சட்டத்தால்தான் நான் உள்ளே வந்தேன். பெண் வேடத்தையும் ஆண்களே போட்ட நாட்கள் அவை. இராணியாக வந்தவருக்கு இடுப்பு வடிவாக இருந்தது, குரல்தான் கட்டை. கோயில் பஜனையில் நான் பாடியதைக் கேட்ட சூசை அண்ணை என் ஐயாவிடம் வந்து நயமாகக் கதைத்தார். மேடையில் ஏற வேண்டாம், ஒருவர் கண்ணிலும் பட வேண்டாம், பக்கத்திரைக்குள் நின்று பேசினால் போதும், இராணி வாயை அசைப்பார் என்றார். ஐயா யோசித்தார். அம்மா கூட வந்து இருப்பதென்றால் சரி என்றார்.

இப்படித்தான் என் குரல் மட்டும் மேடை ஏறியது. நான் திரைக்குள் நின்று "மன்னா!" என்று ஒரு சத்தம் விட்டால் வெளியே சீனி மிட்டாய் விற்பவன் விற்பதை நிறுத்துவான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

பிறகு வானொலி. அங்கேயும் குரல்தான். யாழ்ப்பாணத்துக் கடையில் நூல்பந்து வாங்கப் போவேன். "நீல நிறத்தில் இருக்கிறதா" என்று கேட்டதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் வானொலியிலை கதைக்கிற கமலாம்பிகை எல்லோ?" என்பார். வாய் திறக்கும் வரை என்னை ஒருவருக்கும் தெரியாது. திறந்தால் எல்லாருக்கும் தெரியும். என் முழுச் சொத்தும் இந்தத் தொண்டைக்குள் இருந்தது என்பதை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கருவாடு கேட்ட சனம்

சூசை அண்ணை அறுபதுகளில் கொழும்புக்குப் போய் ஒரு படம் எடுத்தார். நான் அதில் இல்லை. அதைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி.

கதை எங்கள் கடற்கரைக் கதைதான். ஆனால் கடற்கரை ஸ்ரூடியோவுக்குள் இருந்தது. மணல் கொட்டி, சீலையில் கடல் வரைந்து, மட்டையில் தென்னை வெட்டி வைத்திருந்தார்கள். தீவுக்காரன் கதையில் பனை எங்கே என்று கேட்க ஆளில்லை. கதாநாயகன் மீன் பிடிக்கிறவன். பட்டு வேட்டி கட்டி, தலைக்கு அலை அலையாக எண்ணெய் வைத்து, மனைவியைப் பார்த்து, "அன்பே, நான் ஆழ்கடல் சென்று வருகிறேன்" என்றான்.

தியேட்டரில் மலிவு இருக்கைக் கலரியிலிருந்து ஒருவன் சத்தமாகச் சொன்னான்: "போயிட்டு வாங்கோ அண்ணை. வரேக்கை ரெண்டு கருவாடு கொண்டு வாங்கோ."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு படம் முடியும் வரை சனம் சிரித்தது. சாவு வீட்டுக் காட்சிக்கும் சிரித்தது. சூசை அண்ணை எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தார். எழும்பி ஓடுவார் என்று நினைத்தேன். ஓடவில்லை, கடைசி வரை இருந்து ஒவ்வொரு சிரிப்பையும் கேட்டார்.

வெளியில் வந்ததும் என்னைக் கண்டார். முகம் வாடியிருக்கும் என்று ஆறுதல் சொல்லப் போனேன். மனுஷனுக்குக் கண் இரண்டும் மின்னுகிறது. எங்கட சனம் சிரித்தது சரி, பிழை முழுக்கத் தன்னில்தான், அது எந்த இடம் என்று இப்போது பிடிபட்டுவிட்டது என்று நடுரோட்டில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கதைத்தார். தோற்றுப்போன மனுஷன் இவ்வளவு புழுகமும் சந்தோஷமுமாக இருந்ததை நான் அன்றுதான் கண்டேன். ஆளுக்கு விசர் பிடித்துவிட்டது என்று அம்மாவிடம் வந்து சொன்னேன்.

விசர்தான். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார். ஸ்ரூடியோ போனது, மட்டைத் தென்னை போனது, பவுடரும் பொய்முடியும் போயின. நிசமான வெயில், நிசமான கரை, நிசமான ஆட்கள் வேண்டும் என்றார். எங்கள் பேச்சிலேயே ஆட்கள் கதைக்க வேண்டும் என்றார். ஐந்து திரை கட்டிய மனுஷன் இப்போது ஒரு வேலிக்கு முன்னால் மணிக்கணக்காக நின்று வெளிச்சம் பார்ப்பார்.

எல்லாவற்றையும் விட்டார், ஒன்றை மட்டும் விடவில்லை. உச்சக் காட்சியில் ஒரு நீண்ட வசனம். அதுவும் மேடைத் தமிழில். அது அவருடைய இரத்தத்தில் இருந்தது. கடைசி வரிசைக் கிழவி இன்னும் அவரைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

என்னுடைய ஒன்றரைப் பக்கம்

எழுபதுகளின் நடுவில், பாண் ரொட்டிக்குக் கியூவில் நின்ற காலத்தில், அவர் இரண்டாவது படத்துக்குக் கிளம்பினார். காசு போட்டவர் கனகசபை முதலாளி. புங்குடுதீவார், கொழும்பில் பெரிய பலசரக்குக் கடை. முதலாளி ஒரு நிபந்தனைதான் போட்டார். வானொலிக் கமலாம்பிகை நடிக்க வேண்டும், அவருடைய குரலுக்கே சனம் வரும்.

எனக்கு அப்போது முப்பது கடந்துவிட்டது. ஐயா இல்லை. கூடாது என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. இருந்தும் நான் சும்மா ஓம் என்று சொல்லவில்லை, எனக்கு என்ன வசனம் இருக்கிறது என்று கேட்டேன். சூசை அண்ணை ஒன்றரைப் பக்கத்தை எடுத்து நீட்டினார்.

ஐயோ, அந்த ஒன்றரைப் பக்கம்! வானம் இருண்டு வருகிறது. வீட்டில் உலை வைக்க ஒன்றுமில்லை. புருஷன் கடலுக்குப் போகிறான். மனைவி ஓடிவந்து கரையில் நின்று அவனை அழைக்கிறாள். பிறகு கடலோடு பேசுகிறாள், வானத்தோடு சண்டை பிடிக்கிறாள், கடைசியில் வயிற்றில் இருக்கிற பிள்ளையிடம் கதை சொல்கிறாள். அந்த வள்ளம் திரும்பி வராது. அதற்குப் பிறகு படம் முழுக்க அவள் தனிய நின்று பிழைக்கிற கதைதான்.

வாசித்து முடித்ததும் திரும்ப முதலிலிருந்து வாசித்தேன். இத்தனை வருடம் திரைக்குப் பின்னாலும் மைக்குக்குப் பின்னாலும் நின்ற குரல் இனி முகத்தோடு வெளியே வரப் போகிறது. இதற்காகத்தான் பிறந்தேன் என்றுகூட நினைத்தேன். குசினியில் நின்று சொல்லிப் பார்த்தேன், கிணற்றடியில் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மச்சாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, யாரோடு சண்டை என்று விசாரித்தாள். சுருவிலில் எனக்குத் தெரிந்த எல்லாரையும் படப்பிடிப்புக்கு வரச் சொல்லிவிட்டேன். அந்தக் குடைக் கூட்டம் நானே அழைத்த கூட்டம்தான்.

கடலுக்குத் தெரியுமோ?

இப்போது கரைக்கு வருவோம்.

முதல் தரம் வள்ளம் திரும்பியபோது ஏதோ தவறு என்று நினைத்தோம். சூசை அண்ணை விளக்கம் கேட்டார். செபமாலைக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அக்கா கூப்பிட்டவ எல்லோ" என்றார்.

வெளிக்கிட்டுப் போகிறவரைப் பின்னால் கூப்பிடக் கூடாது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தவறிக் கூப்பிட்டுவிட்டால் அவர் திரும்பி வந்து, கொஞ்ச நேரம் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி போக வேண்டும். கடலுக்குப் போகிறவர் விஷயத்தில் இது இன்னும் இறுக்கம். எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். சைவமோ கிறிஸ்தவ வேதமோ, இதில் எங்களுக்குள் பிரிவினை கிடையாது.

அப்படியிருக்க, சுருவில்காரி நானும் நாரந்தனைக்காரர் அவரும் இந்தக் காட்சியை எப்படி எழுதி, எப்படிப் பாடமாக்கி, எப்படிக் கடற்கரை வரை கொண்டுவந்தோம்? மேடை செய்த வேலை அது. மேடையில் போகிறவன் பக்கத்திரைக்குள்தான் போவான். அங்கே அவனுக்கு என்ன ஆபத்து? சுருட்டுப் பற்றவைத்து, தேத்தண்ணி குடிப்பான். இருபது வருடம் போகிறவர்களை எல்லாம் பின்னால் கூப்பிட்டுப் பழகிய நாங்கள், கடலில் வைத்தும் கூப்பிட்டுவிட்டோம்.

இது நடிப்பு, திரும்ப வேண்டாம் என்று சூசை அண்ணை செபமாலைக்கு விளங்கப்படுத்தினார். அவர் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனார். நான் கூப்பிட்டேன். வள்ளம் கொஞ்சத் தூரம் போனது. சரி, தப்பினோம் என்று இரண்டாவது வரியைத் தொடங்கினேன். திரும்பிவிட்டது.

சூசை அண்ணை தலையில் கை வைத்தார். செபமாலைக்கும் கோபம் வந்தது.

"நடிப்பெண்டு எனக்குத் தெரியும் அண்ணை. கடலுக்குத் தெரியுமோ?"

வள்ளத்தில் கதாநாயகனும் இருந்தார். யாழ்ப்பாணத்தில் கந்தோர் உத்தியோகம், கடலைக் கண்டாலே வாந்தி. அவருக்கு வள்ளம் திரும்பத் திரும்பச் சந்தோஷம். கரைக்கு வந்ததும் முதல் ஆளாகக் குந்தியிருந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அவரிடம் வள்ளத்தைக் கொடுத்தால் அது இந்தியாவுக்குத்தான் போகும்.

இதற்கிடையில் கமெராக்காரர் விமல், கொழும்பிலிருந்து வந்த சிங்கள மனுஷன், பெட்டியைத் தட்டிக் காட்டுகிறார். சுருள் முடியப் போகிறது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த நாட்களில் படச்சுருள் கிடைப்பது பெரும்பாடு. கையில் இருந்ததில் முக்கால்வாசியை வள்ளம் திரும்புகிற காட்சிக்கே தின்னக் கொடுத்துவிட்டோம். பின்னேர வெயிலும் சரிகிறது.

சூசை அண்ணை என்னிடம் வந்தார். செபமாலையைத் திருத்த ஏலாது, நீர் கொஞ்சம் மெதுவாகக் கூப்பிடும், அவருக்குக் கேட்காத மாதிரி, என்றார்.

மெதுவாக! சீனி மிட்டாய்க்காரனை நிறுத்திய குரலை! கடைசிக் கிழவிக்குக் கேட்க வேண்டும் என்று என்னைக் கத்தப் பழக்கிய அதே மனுஷன்! எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. சனம் நிற்கிறது என்றும் பார்க்கவில்லை.

"அண்ணை, நான் கூப்பிட்டா அந்தாள் திரும்பும். திரும்பினா சாகாது. சாகாட்டில் உங்கட படம் இந்தக் கரையோடை முடிஞ்சுது. போய் வேறை கதை எழுதுங்கோ."

சொல்லிவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். திரும்ப என்னைப் பார்த்தார். அன்று தியேட்டருக்கு வெளியே கண்ட அதே மின்னல் கண்ணில் வந்தது.

"நீர் இப்ப என்ன சொன்னனீர்? திரும்பச் சொல்லும்."

சொன்னேன். மனுஷன் மணலில் ஒரு குதி குதித்தார். வேட்டி அவிழப் பார்த்தது. அவளுக்குத் தெரியும், கூப்பிட்டால் வருவான் என்று தெரியும், கூப்பிட்டால் அவனுக்குக் கூடாது என்றும் தெரியும், அதனால் கூப்பிடாமல் நிற்கிறாள், கூப்பிட்டிருந்தால் தப்பியிருப்பான், அதுதான் படம், முழுப் படமும் இதற்குள் இருக்கிறது என்று மூச்சு விடாமல் சொன்னார். இந்த வயதுக்கும் தனக்கு ஒருவரும் இதைச் சொல்லித் தரவில்லையே என்று செபமாலையைக் கட்டிப்பிடித்தார். செபமாலை மிச்சப் பவுடராவது அழியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் கேட்டேன்: "அப்ப என்ரை வசனம்?"

"வசனம் இல்லை."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். என் வாயால் சொல்லி என் வாயையே அடைத்துக்கொண்டேன்.

வாழைக்குற்றி

நான் நடிக்க ஏலாது என்றேன். நூல் சீலையோடு வீட்டுக்கு நடந்துபோக வெளிக்கிட்டேன். வீடு அந்தா தெரிகிறது. என்னை ஒருவரும் பின்னால் கூப்பிடவும் இல்லை. அந்தச் சனம் கூப்பிடுமா? நானாகத்தான் திரும்பி வந்தேன், இன்னும் நாலு சொல்லுச் சொல்வதற்கு.

வந்து பார்த்தால் கமெரா இடம் மாறியிருக்கிறது. பக்கவாட்டில் நின்று என் முகத்தையும் வள்ளத்தையும் பிடித்த கமெரா இப்போது முதுகுப் பக்கம். அவளுடைய முதுகும், போகிற வள்ளமும், கடலும் போதுமாம்.

குரலும் இல்லை, இப்போது முகமும் இல்லை! நான் எதற்கு, ஒரு வாழைக்குற்றிக்குச் சீலை கட்டி நிற்பாட்டுங்கோ, அதற்கு வசனமும் தேவையில்லை, சாப்பாடும் தேவையில்லை என்றேன். சனம் சிரித்தது. சூசை அண்ணை சிரிக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். அப்படி அவர் ஒருவரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

"கமலம், வாழைக்குற்றிக்குக் கூப்பிட ஆசை வராது. உமக்கு வரும். அதைப் பிடிச்சுக்கொண்டு நில்லும்."

நின்றேன். ஒரே ஒரு தரத்துக்குத்தான் சுருள் இருந்தது. செபமாலை வள்ளத்தைத் தள்ளினார். பாய் காற்றை வாங்கியது. வள்ளம் போகிறது, போகிறது. எனக்குள் ஒன்றரைப் பக்கமும் கொதிக்கிறது. வசனம் பல்லு வரைக்கும் வந்து முட்டுகிறது. சீலைத் தலைப்பை அள்ளி வாயில் அடைத்துக்கொண்டேன். தோள் இரண்டும் தானாக ஆடின. அன்று முதல்முறையாக அந்த வள்ளம் திரும்பவில்லை.

பிற்காலத்தில் பத்திரிகையில் எழுதினார்கள், முதுகாலேயே துயரத்தைக் காட்டினார் என்று. அடக்கப்பட்ட சோகமாம். ஒரு சோகமும் இல்லை ஐயா. அது சுத்தமான கோபம். அந்த நேரம் சூசை அண்ணை என் கைக்கு எட்டியிருந்தால் அவருடைய முதுகும் படத்தில் வந்திருக்கும்.

மைக்குக்கு முன்னால்

அந்தக் காலத்தில் படத்தை எடுத்துவிட்டு, குரலைக் கொழும்பில் போய்த் தனியாகப் பதிவதுதான் வழக்கம். பதிவு அறைக்கு முதலாளி வந்திருந்தார். அந்தக் காட்சி ஓடியது. நான் நிற்கிறேன், வள்ளம் போகிறது, சத்தமே இல்லை.

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. சுவரொட்டியெல்லாம் 'வானொலிப் புகழ் கமலாம்பிகை' என்று அச்சடித்தாகிவிட்டது. பெரிய காட்சியில் பேச்சே இல்லையென்றால் சனம் கதிரையை உடைக்கும் என்றார். முதுகுதானே தெரிகிறது, வாய் தெரியவில்லையே, அந்த ஒன்றரைப் பக்கத்தையும் மேலே பதிந்துவிடலாம், நன்றாகப் பொருந்தும் என்று அவரே வழியும் கண்டுபிடித்தார்.

பொருந்தும். அது உண்மை. சூசை அண்ணை வாய் திறக்கவில்லை. அடுத்தவர் காசில் படம் எடுக்கிறவருக்கு எவ்வளவு திறக்க முடியும்? சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கோ பிறந்தநாள் வந்ததுபோல் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன். மைக்கின் முன்னால் போய் நின்றேன். காகிதம் தேவைப்படவில்லை. விளக்கு அணைந்தது, படம் ஓடியது, நான் பேசினேன். என் வாழ்நாளில் அப்படி நான் பேசியதில்லை. கடலே என்று கேட்ட இடத்தில் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. முடிந்ததும் முதலாளி கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அப்பால் எழுந்து நின்றார். சூசை அண்ணை மட்டும் சுவரோடு.

போட்டுக் காட்டச் சொன்னேன். என் குரலை நானே ஆசைதீரக் கேட்கத்தான்.

"அத்தான்! ஒரு கணம் நில்லுங்கள்!" என்கிறது என் குரல். வள்ளம் போகிறது. கடலைக் கேட்கிறேன், வானத்தைக் கேட்கிறேன். வள்ளம் போகிறது. வயிற்றுப் பிள்ளையைச் சொல்லி அழுகிறேன். அந்த மனுஷன் ஒருக்கால் தலையைக்கூடத் திருப்பவில்லை. போய்க்கொண்டே இருக்கிறான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. குரல் அருமை. ஆனால் யாரைப் பார்த்துக் கூப்பிடுகிறேன்? எங்கள் கரையில் அப்படியொரு ஆம்பிளை இல்லை. கரையில் நிற்பது நான் என்றால் வள்ளத்தில் இருப்பவன் இவன் இல்லை.

முதலாளியின் பக்கம் திரும்பினேன். புங்குடுதீவிலிருந்து கொழும்புக்குக் கடையைத் திறக்க வெளிக்கிடுகிறீர்கள், அக்கா பின்னால் கூப்பிடுகிறா, என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். இதென்ன கேள்வி, திரும்பிப் போவேன் என்றார். பஸ் வந்து நிற்கிறதே என்றேன். பஸ் போனால் போகட்டும் என்றார். பிறகு அவராகவே வெறும் திரையைப் பார்த்தார். கைலேஞ்சி பாதியில் நின்றது.

"உவன் ஏன் திரும்பேல்லை?" என்றார்.

"அதுதான் முதலாளி. என்ரை சத்தத்தை அழிக்கச் சொல்லுங்கோ."

சொன்னது நான்தான். சொல்லிவிட்டு வெளியே வந்து, வெயிலில் நின்று, மூக்குச் சிந்திச் சிந்தி அழுதேன். முப்பது வயதுக்கு மேல் அப்படி அழுதால் தலை இடிக்கும். பின்னால் சூசை அண்ணை ஓடி வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று பார்த்தேன். மனுஷன் வடைப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, மற்றக் காட்சிகளிலும் எங்கெங்கே பேச்சைக் குறைக்கலாம் என்று புழுகத்தோடு தொடங்கிவிட்டார். மற்றதில் கை வைத்தால் இந்த ரோட்டில் ஒரு கொலை விழும் என்றேன். இருவரும் நின்று வடை சாப்பிட்டோம்.

பெண்கள் பக்கம்

யாழ்ப்பாணத்தில் முதல் நாள், முதல் காட்சி. ஊர்காவற்றுறைப் பக்கத்துச் சனம் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டது. நான் பெண்கள் பக்கத்தின் ஓரத்தில், நடைபாதைக் கதிரையில். சூசை அண்ணை ஆண்கள் பக்கம் இருக்கப் பொறுக்காமல் வந்து, என் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் குந்திக்கொண்டார். நகம் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

கருவாடு கேட்டவன் இன்றைக்கும் வந்திருப்பான். பேச்சில்லாத நேரத்தை அவன் சும்மா விடுவானா? நான் பேசியிருந்தால் அவனை அடக்கியிருப்பேன். வெறும் முதுகை வைத்து என்ன செய்வேன்?

காட்சி வந்தது. வானம் இருள்கிறது. அவன் வள்ளத்தைத் தள்ளுகிறான். திரையில் என் முதுகு. காற்று மட்டும் இரைகிறது. வள்ளம் சின்னதாகிறது.

கலரியில் சத்தமில்லை. ஒருவர் இருமினார், அவ்வளவுதான்.

அப்போது எனக்குப் பின் வரிசையில் ஒரு பெண் முணுமுணுக்கத் தொடங்கினாள். யாரென்று தெரியாது. கடற்கரைப் பேச்சு. தனக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அடுத்தடுத்த சொல்லில் குரல் ஏறி, தியேட்டர் முழுக்கக் கேட்டது.

"கூப்பிடன் பிள்ளை. ஒருக்காக் கூப்பிடன். உன்ரை குரல் கேட்டா வருவான்."

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், வேண்டாம், கூப்பிடக் கூடாது என்று அழுதாள். அதற்கு அப்பால் இன்னொருத்தி, கூடாதென்றாலும் பரவாயில்லை, கூப்பிடச் சொல்லு என்றாள். சூசை அண்ணை ஒன்றரைப் பக்கம் எழுதியும் நான் ஒருநாளும் கேட்டிராத வசனம் என் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. என் சத்தத்துக்காக இத்தனை பேர் கெஞ்சியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எனக்குக் கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. வாயை மட்டும் இறுக்கி மூடியிருந்தேன்.

சூசை அண்ணை என் கதிரைச் சட்டத்தைப் பிடித்து உலுக்கினார். "கமலம், கேக்குதே? அடுத்த படத்திலை உமக்கு ஒரு வசனமும் இல்லை. ஒண்டுமே..."

"சத்தம் போடாதேங்கோ அண்ணை," என்றேன். "படம் பாக்க விடுங்கோ."